சரிசெய்ய முடியாத நொண்டல்

ரேடியோ, சிடி பிளேயர், மிக்சி ஆகியவற்றுக்கு வைத்தியம் பார்த்துவந்தவரைத் தெருவே ‘டாக்டர்’ என்றது. பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்கவில்லை. அவரும் கேட்டு அலையவில்லை. மூடியைத் திறக்குமுன் காதைச் சாய்த்துக் கேட்டு, “பேரிங் போச்சு” என்பார். திறந்தால் பேரிங் போயிருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் எதையும் “முடியாது” என்று திருப்பிக் கொடுத்ததில்லை. இதைத் தன்னடக்கத்தோடு எல்லோரிடமும் சொல்லுவார்.

அந்தப் பெருமைக்கு ஆபத்து ஒரு செவ்வாய்க்கிழமை துணிப்பையில் வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் தன் சிடி பிளேயரை மேசைமேல் வைத்து, “தட்டு வெளிய வரல. உள்ள ஒரு சிடி மாட்டிக்கிச்சு. சனிக்கிழமை வரேன்” என்று போய்விட்டார்.

தட்டைச் சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சோதிப்பதற்கு அதே சிடியை ஓட்டியதுதான் வினை. பாட்டு நொண்டியது. ஒரு சுரம் நீளம், அடுத்தது குட்டை, மறுபடி நீளம், மறுபடி குட்டை. போதாததற்கு நடுநடுவே சில சுரங்கள் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கின.

மோட்டார் கோளாறு என்று தீர்ப்பளித்தார். பெல்ட்டை மாற்றினார். மோட்டாரை மாற்றினார், புது மோட்டாரும் அதே காலில் நொண்டியது. லென்ஸைத் துடைத்தார், நடுக்கம் இன்னும் பளிச்சென்று கேட்டது. சிடியை வேறொரு பிளேயரில் போட்டார். அதுவும் நொண்டவே, தொற்றுநோயோ என்று பயந்து அணைத்தார். கீறல் விழுந்த சிடி தாவும், நின்றுபோகும். இவ்வளவு ஒழுங்காக நொண்டாது.

சாப்பாடு கொண்டுவந்த மனைவியைக் கேட்கச் சொன்னார்.

“எனக்கு நல்லாத்தானே கேக்குது.”

அப்படியானால் கோளாறு தன் காதில்தான் என்று டாக்டர் முடிவு கட்டினார்.

“உங்களுக்கு அம்பத்தி மூணு வயசு ஆச்சுங்க. காது டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமா?”

“டாக்டரே டாக்டர்கிட்ட போனா கடைக்கு எவன் வருவான்?”

வீராப்பு வாயோடு சரி. கண் மங்கினால் கண்ணாடி உண்டு; காது போனால் அவர் பிழைப்பில் மிச்சம் ஸ்க்ரூடிரைவர்தான். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பாட்டை நாற்பது முறையாவது கேட்டிருப்பார். தலை தானாக ஆடத் தொடங்கியது. அதையும் நோயின் அறிகுறியாகவே குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை டீச்சர் வந்தார்.

“தட்டு சரியாயிடுச்சு டீச்சர். ஆனா பாட்டு நொண்டுது. எல்லாம் மாத்திப் பாத்துட்டேன். என்னால முடியல. எனக்குக் காது போயிடுச்சுன்னு நினைக்கிறேன்.”

“எப்படி நொண்டுது?”

பாட்டு ஓட ஓட, டாக்டர் ஸ்க்ரூடிரைவரால் மேசையில் தட்டிக் காட்டினார். நீளம், குட்டை, நீளம், குட்டை. டீச்சர் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

“இது பிரெஞ்சு பரோக் சங்கீதம். முந்நூறு வருஷப் பழசு. வாத்தியம் ஹார்ப்சிகார்ட், கட்டைய அழுத்தினா உள்ள கம்பிய மீட்டும். சுரத்தையெல்லாம் சரிசமமாத்தான் எழுதி வெச்சாங்க. வாசிக்கிறப்ப இப்படி நீட்டிக் குறுக்கணும், அதுதான் அழகுன்னாங்க. அந்த நடுக்கம்கூட அலங்காரம்தான். இதெல்லாம் எனக்குப் புத்தகம் படிச்சுப் புரிய ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க வெறும் காதால பிடிச்சிருக்கீங்க.”

“அப்ப என் காது?”

“அந்தக் காது எனக்கு இருந்திருந்தா நான் ஏன் கணக்கு டீச்சர் ஆகியிருக்கப் போறேன்?”

“அப்ப அந்த நல்ல மோட்டார எதுக்குக் கழட்டினீங்க?” என்றாள், சாப்பாட்டோடு வந்து கேட்டுக்கொண்டு நின்ற மனைவி. இந்தக் கேள்வியை டாக்டர் காதில் வாங்கவில்லை. காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் இனி அதற்கு உரிமை உண்டு.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். இப்போது நொண்டல் இல்லை. அவசரமே இல்லாத ஒருவர், நல்ல செருப்பு போட்டுக்கொண்டு, படியிறங்கி வருவதுபோல் இருந்தது. மூவரும் கடைசிவரை கேட்டார்கள். யாருக்கு நன்றி சொல்வதென்று டாக்டருக்குத் தெரியவில்லை. டீச்சருக்குச் சொன்னார், அது போதாதென்று பிளேயரின் தட்டையும் ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

“டீச்சர், வீட்ல இதே மாதிரி நொண்டுறது வேற இருக்கா?”

“ஒரு அலமாரி நிறைய இருக்கு.”

“கொண்டாங்க. ஒண்ணையும் சரிபண்ண மாட்டேன்.”