பிட்ச் கொறச்சு

என் வீட்டுக்காரர் தண்ணீரில் இறங்கினால் முழங்காலுக்கு மேல் நனைய விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர், சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடையில் பதினான்கு வருடம் ஆணியும் திருகாணியும் எடுத்துக் கொடுத்தவர், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து படகு கட்டப் போவதாகச் சொன்னார். முதலில் நான் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதுவும் பலிக்கவில்லை.

படகு என்றால் கூர்மூக்கு வைத்த படகு இல்லை. இரண்டு நீளமான ஃபைபர் மிதவைகள், அவற்றின்மேல் பலகைத் தளம், தளத்தில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்குமேல் கோடு போட்ட துணிக்கூரை. வெள்ளத்தில் அடித்துப் போகிற கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கும். பூவாற்றில், ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, புதிதாக ஒரு விடுதி வந்திருந்தது. அங்கே தங்க வருகிறவர்களை மணல்திட்டு வரைக்கும் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவர ஒரு படகு வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு படகுக்குத்தான் இடம். எட்டுப் பேரை ஏற்றி, போய், ஒழுக்குக்கு, அதாவது ஆற்று நீரோட்டத்துக்கு, எதிராகத் திரும்பி வந்து காட்டவேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார்கள். அந்த இடம் கிடைத்தால் எங்களுக்கு வாழ்க்கை உண்டு. கிடைக்காவிட்டால் ஆணிக்கடைதான், அதுவும் முதலாளி திரும்பச் சேர்த்துக்கொண்டால்.

மோட்டார், விழிஞ்ஞத்தில் ஒரு மீனவரிடமிருந்து வாங்கிய பழையது. அதோடு வந்த புரொப்பல்லர் ஒல்லியான வள்ளத்துக்கு ஆனது. மூன்று இலைகளில் ஒன்று பாறையில் பட்டு உடைந்தும் இருந்தது. எங்கள் பந்தலை அது தள்ளவில்லை. மோட்டார் முக்கியது, படகு அசைந்தது, அவ்வளவுதான். வேறு புரொப்பல்லர் போடாமல் ஒன்றும் நடக்காது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் இவர் இரண்டு திருகாணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார். ஒன்றில் மரை நெருக்கமாக இருந்தது, இன்னொன்றில் அகலமாக இருந்தது.

"இத நோக்கு. ஒரு சுத்து சுத்தினா இது எவ்வளவு உள்ள போகும், அது எவ்வளவு போகும்? அதாக்கும் பிட்ச். பாரம் கூடின படகுக்கு ஒரே சுத்துல நெறைய போகணும்னு ஆசைப்படப்பிடாது. கியர் சைக்கிள்ல மேடு ஏறச்சில செய்யது போலத்தான். கேட்டியா?"

கேட்டேன் என்றேன். டி.வி.யில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருத்தி தன் மாமியாரிடம் ஏதோ பெரிய உண்மையைச் சொல்லப் போகிற கட்டம். நான் அதைத்தான் கேட்டேன்.

புதிய புரொப்பல்லர் கொச்சியிலிருந்து வரவழைக்க நாளாகும். தூத்துக்குடியில் பழையதைச் சரிசெய்து விற்கிற கடைகள் உண்டு. என் அண்ணன் அங்கேதான் ஒரு உப்புக் கம்பெனியில் எழுத்தராக இருந்தார். இவர் வெள்ளிக்கிழமை விடிந்ததும் மிதவைக்குப் பெயின்ட் அடிக்கப் பூவாற்றுக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்:

"நீ உன் அண்ணனுக்கு ஃபோன் பண்ணு. நான் பேசினா அவருக்குப் பாதி புரியாது, எனக்கு வெட்கமாக்கும். இப்ப உள்ளது டயமீட்டர் ஒம்பதே கால், பிட்ச் பத்து. டயமீட்டர் கூட்டி, பிட்ச் கொறச்சு எடுக்கச் சொல்லு. அவ்வளவு மதி."

இங்கே அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வாரம், மாமனார் இலையில் உட்கார்ந்து "சோறு கொறச்சு கூடி போடு மோளே" என்றார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எனக்குக் கொறச்சு என்றால் குறைத்து. சோறு கூடிப்போய்விட்டது, குறை என்கிறார் என்று நினைத்து, அவர் இலையிலிருந்தே ஒரு கை சோற்றை அள்ளித் திரும்பச் சட்டியில் போட்டேன். வீடே சிரித்தது. மலையாளத்தில் கொறச்சு என்றால் கொஞ்சம். கொஞ்சம் இன்னும் போடு என்று கேட்டிருக்கிறார் மனிதர். ஒரு வருடம், வந்தவர் போனவர் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று எனக்கு வந்த ரோஷத்தில் அந்தச் சொல்லை மனப்பாடம் செய்தேன். கொறச்சு என்றால் கொஞ்சம். கொறச்சு பால், கொறச்சு நேரம், கொறச்சு தள்ளி நில்லு. அதற்குப்பிறகு நான் அதில் தவறவே இல்லை. எட்டு வருடத்தில் இந்த ஊர்ப் பேச்சில் கரை கண்டவள் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பழவங்காடியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்தேன். வெளியே தேங்காய் உடைகிற சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, புரொப்பல்லர் வேண்டும் என்று சொல்லி, இப்போதுள்ள அளவையும் கொடுத்தேன்.

"அண்ணா, விட்டம் கூட்டி எடுக்கணுமாம். பிட்ச் கொஞ்சம்."

"ஏட்டி, இரு, எழுதிக்கிடுதேன். விட்டம் கூட்டணும். பிட்ச் கொஞ்சம்னா என்ன, அதையும் கொஞ்சம் கூட்டணுமா?"

"அப்புறம் என்ன? கொஞ்சம் போதும். ரொம்ப வேண்டாம்."

"சரிட்டி. எடுத்துக்கிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில நானே வந்துருதேன்."

பூத்தை விட்டு வெளியே வந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இவர் பேசியிருந்தால் அண்ணன் கொறச்சு என்பதைக் குறைத்து என்று புரிந்துகொண்டிருப்பார், நல்லவேளை நான் பேசினேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் சொன்னபடியே வந்தார். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து, மடியில் சாக்குப் பொதியோடு, நேரே பூவாற்றுக்கு. விடுதிக்காரர்கள் குறித்த நேரத்துக்கு அரைமணிதான் பாக்கி. புரொப்பல்லர் சரிசெய்து கறுப்பு பெயின்ட் அடித்தது. எண்கள் பெயின்டுக்குள் போயிருந்தன. இவர் அதைத் திருப்பிப் பார்த்து, "இலை கொஞ்சம் கூடுதல் சரிஞ்சு இருக்கே" என்று முனகினார். பழையதன் இலை உடைந்து கிடக்கிறது, வேறு வழியில்லை, மாட்டினார்.

மேனேஜரும் விடுதி ஆட்கள் ஏழு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். நானும் அண்ணனும் படித்துறையில் நின்றோம். போகும்போது ஒழுக்கோடு போனது, அழகாகப் போனது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். திரும்பும்போதுதான் வந்தது வினை. மோட்டார் வேகமே எடுக்கவில்லை. அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு கரும்புகையாகக் கக்கியது. ஆற்றின்மேல் சாய்ந்து நின்ற ஒரு தென்னைக்கு நேராகப் படகு வந்தது. நான் ஒரு பிள்ளையாரைக் கூட விடாமல் வேண்டினேன். படகு அந்தத் தென்னைக்கு நேராகவே நின்றது. பிறகு தென்னை மெல்ல முன்னால் போனது. படகு பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

கடைசியில் அதே வேலைக்குக் காத்திருந்த இன்னொரு படகுக்காரர்தான் கயிறு போட்டு இழுத்துவந்தார். எட்டுப் பேரையும் எங்கள் படகையும் சேர்த்து. அவருக்கு அதைவிட நல்ல பரீட்சை யாரும் வைத்திருக்க முடியாது. மேனேஜர் மரியாதைக்காரர். "அடுத்த சீசன் நோக்காம், சேட்டா" என்று இவர் தோளைத் தட்டிவிட்டு, அந்தப் படகுக்காரரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார்.

இவர் மோட்டாரைத் தூக்கி நிறுத்திப் பேனாக்கத்தியால் பெயின்டைச் சுரண்டினார். பத்து, பன்னிரண்டு என்று இருந்தது.

"பன்னெண்டா? பத்துல இருந்து கொறச்சு வாங்கச் சொன்னா பன்னெண்டு வாங்கிட்டு வந்திருக்கியா?"

அதுவரை என் அண்ணனை நீங்க, வாங்க என்று மட்டுமே பேசியவர். நீ என்றதும் அண்ணனின் முகம் சுருங்கியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை காலை இவர் அந்தச் சொல்லைத் தமிழில்தான் சொல்லியிருக்கிறார். என் அண்ணனுக்குப் போகிற சேதி என்று, தன்னால் முடிந்தமட்டும் நல்ல தமிழில். நான்தான் அதை மலையாளமாகக் கேட்டு, மறுபடி தமிழாக்கி, தலைகீழாக்கி அனுப்பியிருக்கிறேன். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"நான்தான் தப்பாக் கேட்டுட்டேன் மாப்ளே. ஃபோன்ல ஒரே இரைச்சல். மன்னிச்சுக்கிடுங்க" என்றார் அண்ணன்.

இவர் அண்ணனைச் சாப்பிடக்கூடச் சொல்லவில்லை. தம்பானூர் பஸ் நிலையம்வரை நான் மட்டும் கூடப் போனேன். நாகர்கோவில் பஸ் கிளம்புகிற நேரத்தில், "ஏன் அண்ணா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"விடுட்டி. உன்மேல கோவப்பட்டா நீ அந்த வீட்டுக்குள்ளயே கிடந்து அல்லாடணும். என்மேல கோவப்பட்டா நான் பஸ் ஏறிப் போயிருவேன்லா."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதற்கு முன்னால் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கொச்சியிலிருந்து சரியான புரொப்பல்லர் வந்தது. பத்து, ஏழு. இனி எதற்கு என்று கேட்டேன். பார்க்கவேண்டும் என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஏழு மணல்மூட்டையும் ஏறிப் போனோம். நிறை ஒழுக்கு. படகு அதை எதிர்த்து, ஒரு முனகல் இல்லாமல், அந்தத் தென்னையைத் தாண்டி நேராக ஏறியது. இவர் பின்னால் உட்கார்ந்து மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நான் கணக்காக்கினது செரியாத்தானே இருந்துச்சு? நீயே நோக்கு" என்றார். சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். ஆற்றில் வேறு ஒரு ஆள் கிடையாது. செரிதான் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சீசனுக்கு யாரும் கூப்பிடவில்லை. மிதவைகளை ஒரு மீன் பண்ணைக்காரர் கொண்டுபோனார். இவரை இரும்புக் கடையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் முன்பிருந்த இடத்தில் இல்லை, பின்கட்டில், குடோனில். அவருக்குக் கீழே வேலை கற்றவர் இப்போது அவருக்குமேல். வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றது. அவரிடமிருந்து ஃபோன் வந்தால் இவர் எடுத்து, ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டுவார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது. தங்கள் நல்வரவை விரும்பும் என்று உறவுக்காரர்களின் பெயரை வரிசையாகப் போடுவார்கள் அல்லவா, அதில் முதல் பெயராக இவர் பெயரைப் போட்டிருந்தார் அண்ணன். கூடப்பிறந்த தம்பியின் பெயர்கூட அதற்குக் கீழேதான்.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை மெதுவாகப் படித்தார். மடித்து மேஜைமேல் வைத்தார். நாம் போகவில்லை என்றார். போகவேண்டும் என்று வாதாடினால் ஏன் என்று சொல்லவேண்டும்.

"பேரு போட்டா ஆச்சா? அன்னைக்கு நீ சொன்னத மட்டும் உன் அண்ணன் ஒழுங்காக் கேட்டிருந்தா, நம்ம கதை இப்படி ஆயிருக்குமா?"

பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகியிருக்காது" என்றேன்.