டெஸ்ஸா காடிலும் மயக்க மருந்துப் படிப்பும்

டெஸ்ஸா காடில் யாரையும் லேசில் நம்பமாட்டாள். கென்டக்கி மலைப்பக்கத்தில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் ஐசியுவில் என்னோடு நர்ஸாக இருந்தவள். யாராவது காபி வாங்கித் தந்தால், "எந்த ஷிஃப்டை என் தலையில கட்டப் போறே?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள். பாதி நேரம் அவள் நினைத்தது சரியாகவே இருக்கும்.

மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸாக வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் ஊரில் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பது டாக்டர் அல்ல, அதற்கென்று தனியாகப் படித்த நர்ஸ்தான். அந்தப் படிப்பில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. டெஸ்ஸாவின் பழைய மார்க்கோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கெமிஸ்ட்ரியில் தப்பிப் பிழைத்த டி கிரேடு, மற்றதெல்லாம் சி. சோகக் கதை ஒன்றும் கிடையாது. காலேஜில் படித்த வயதில் மண் பாதையில் கார் ரேஸ் ஓட்டும் ஒருவனைக் காதலித்தாள். அவன் ஓட்டிய ஊருக்கெல்லாம் போனாள், வகுப்புக்குப் போகவில்லை. கல்யாணம் வரைக்கும் அது வரவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வெண்டல் சைஸ்மோர் எங்கள் மேஜைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே மயக்க மருந்து நர்ஸ் அவர்தான். அறுபதை நெருங்கியவர்.

"லீவு நாள்ல ஆபரேஷன் தியேட்டருக்கு வா. பக்கத்துல நின்னு பாரு. காலேஜ்ல அதையும் கேப்பாங்க" என்றார்.

அவர் போனதும் டெஸ்ஸா என் பக்கம் திரும்பினாள்.

"நெட்டி, நீயாடி சொன்னே?"

"ஊருக்கே தெரியும். இதுல நான் வேற சொல்லணுமா?"

"சும்மா யாரு கூப்பிடுவா? ஆம்பளை கூப்பிட்டா ஒண்ணு இருக்கும்."

அடுத்த இரண்டு ஞாயிறும் தன் சர்ச்சுக்குப் போகாமல் வெண்டல் போகும் சர்ச்சுக்குப் போய், அவர் மனைவிக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். "பொண்டாட்டியோட நல்லாத்தான் இருக்கார்" என்று வந்து சொன்னாள், ஏதோ துப்பு தவறிப்போன மாதிரி. "அப்போ வேற எதுக்கு?"

இருந்தாலும் தியேட்டருக்குப் போனாள். அவர் சொல்லித் தந்ததையெல்லாம் வீட்டில் புத்தகத்தில் ஒருமுறை சரிபார்த்தாள். ஒரு மாதம் போல ஆனதும் தாங்கவில்லை. கேன்டீனில் அவர் பீன்ஸ் சூப்பில் சோள ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தாள். நானும் கூட இருந்தேன்.

"வெண்டல், உங்களுக்கு இதுல என்ன லாபம்?"

அவர் மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார். "என் பொண்ணு டென்னசியில இருக்கா. பேரன் பொறந்து நடக்கவே ஆரம்பிச்சுட்டான். ஒரு ராத்திரி அங்க தங்க முடியல. நான் இல்லன்னா இங்க ஒரு பிரசவ ஆபரேஷன் நடக்காது. பெரிய ஊர்ல படிச்சதுங்க இங்க வராது. உங்க அம்மா இங்க இருக்கா, நீ திரும்பி வருவே."

டெஸ்ஸா முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்க. இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

அதற்குப் பிறகு அவரைச் சந்தேகப்படவே இல்லை.

பழைய மார்க்கை மறைக்காதே, அதன் பக்கத்தில் புதுசை வை என்றார் வெண்டல். பக்கத்து ஊர் காலேஜில், பள்ளி முடித்து வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து கெமிஸ்ட்ரியை மறுபடி படித்து முதல் கிரேடு வாங்கினாள். ஐசியு நர்ஸுகளுக்கான தனிப் பரீட்சையையும் எழுதித் தேறினாள். விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

பழி எங்கள் தலைமை நர்ஸ் மார்லீன் மேல் விழுந்தது. "என்னை அனுப்ப மனசில்லாம சிபாரிசுக் கடிதத்துல ஏதோ எழுதிட்டா" என்றவள், அவளிடமே நேரே போய்க் கேட்டும்விட்டாள்.

மார்லீன் மறைக்கவில்லை. "கெடுத்து எழுதலாமான்னு யோசிச்சேன், பொய் சொல்லமாட்டேன். ஆனா நல்லாத்தான் எழுதினேன். நம்பலன்னா அவங்ககிட்டயே கேளு."

டெஸ்ஸா கேட்டாள். சிபாரிசில் குறை இல்லை, பழைய மார்க் சராசரியை இழுக்கிறது, மேல்படிப்புப் பாடம் ஒன்றை எடுத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். மறுநாள் ஒரு பெட்டி டோனட்டோடு மார்லீன் முன்னால் போய் நின்றாள். மார்லீன் பெட்டியைப் பார்த்தாள், டெஸ்ஸாவைப் பார்த்தாள். "இதுல என்ன கலந்திருக்கே?"

சொன்ன பாடத்தையும் எடுத்து முடித்தாள்; அடுத்த வருஷம் நேர்முகம் வந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். மார்க் குறைந்ததற்கு வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று கேட்டார்களாம். "இல்ல, கார் ரேஸ் பாக்கப் போனேன்" என்றாளாம். நடுவில் இருந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நிஜமாவா?" என்றாராம்.

வசந்தத்தில் நாங்கள் இருவரும் கார் நிறுத்துமிடத்தில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. இடம் கிடைத்துவிட்டது என்றது ஒரு குரல். "ஏமாத்துக்காரப் பயலுக" என்று துண்டித்தாள். மறுபடி அடித்தது.

"நீங்க யாருன்னு எப்படி நம்பறது?" என்றாள் டெஸ்ஸா. "நேர்முகத்துல நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

அந்தப் பக்கம் சிரிப்பு எனக்கே கேட்டது. "கார் ரேஸ், மிஸ் காடில்."

டெஸ்ஸா என் காரின் பானட்டில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "இதை எழுத்துல அனுப்புவீங்களா?" என்று கேட்டாள்.