டர்போவை அணைத்து வாங்கிய நல்ல பேர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிற எல்லோரும் வேகத்தைக் கூட்டித்தான் கேட்பார்கள். குறைத்துக் கொடுத்து நல்ல பேர் வாங்கியவர்கள் உங்களில் யாராவது உண்டா?

நிற்காத நேரம்

அம்மையார்குப்பம் கஜேந்திரன் திருத்தணியில் என் கடைக்கு வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. சேலை டிசைனைத் தறிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் புரோகிராம் ஒன்றை அவனே எழுதியிருந்தான். விசைத்தறிக் கொட்டகை வைத்திருக்கும் வசந்தாக்கா, அதையும் சென்னைக் கம்பெனி புரோகிராமையும் ஒரே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து வேகமானதை வாங்குவதாகச் சொல்லியிருந்தார். தோற்றால் கஜேந்திரன் ஊரை விட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். கம்பெனி தந்த மாதிரிப் பிரதியோடு வீட்டில் நடத்திய ஒத்திகையிலோ தோல்விக்கு மேல் தோல்வி. "அதே டிசைன், அதே மிஷின், ஓட்ட ஓட்ட டைம் மாறிகினே இருக்குதுண்ணா."

விருந்தாளிக்கு முதல் பந்தி

அவன் தூக்கி வந்த கம்ப்யூட்டரில் என் எதிரிலேயே ஓட்டச் சொன்னேன். முதலில் கம்பெனியுடையது, பிறகு தன்னுடையது. ஏன் இந்த வரிசை என்று கேட்டால், வெளியூர்ச் சரக்குக்கு முதல் மரியாதை தர வேண்டாமா என்கிறான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிராசஸர் குளிர்ந்திருக்கும்போது டர்போ என்ற வசதியால் கொஞ்ச நேரம் பிய்த்துக்கொண்டு ஓடும், சூடேறினால் தணிந்துவிடும். நல்ல ஓட்டத்தை எல்லாம் விருந்தாளிக்குப் பரிமாறிவிட்டு இவன் மிச்சத்தில் ஓடியிருக்கிறான்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, விண்டோஸ் எழுவதற்கு முன்பே செட்டிங்கில் நுழைந்து டர்போவை நிறுத்தினேன். எத்தனை முறை ஓட்டினாலும் நேரம் மாறாமல் நின்றது. பகுதி பகுதியாக அளந்தபோதுதான் அவன் புரோகிராம் சேலைக் கரைக்கு ஒரே வேலையை இருமுறை செய்வதும் வெளிச்சமானது. அங்கேயே உட்கார்ந்து திருத்தினான். கூட வந்த அவன் அக்கா வீட்டுக்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. "நல்லா ஓடிகினு இருந்த மிஷினு, காலைக் கட்டி உட்டுட்டீங்களேங்க."

கொட்டகையில்

போட்டியன்று வசந்தாக்காவின் கம்ப்யூட்டரிலும் டர்போவை அணைக்கப் போகிறேன் என்றதும் கம்பெனிக்காரர் முறைத்தார். இரண்டுக்கும் ஒரே ஓட்டம் கிடைக்கும் என்று விளக்கியதும் வசந்தாக்கா தலையசைத்தார். கஜேந்திரன் அன்றும் விருந்தாளியைத்தான் முதலில் ஓட்டச் சொன்னான். அவனை நினைத்துப் பெருமையாக இருந்தது. அடுத்து அவனுடையது ஓடி, சொல்லிவைத்தாற்போல் முன்னதாகவே முடித்தது. வசந்தாக்கா லேசில் விடுகிறவரில்லை. வரிசையை மாற்றி ஓட்டச் சொன்னார். அப்போதும் கஜேந்திரன்தான். கம்பெனிக்காரரே கை கொடுத்தார்.

வசந்தாக்கா எழுந்தார். "கஜா, பொட்டி கட்டி வெச்சிருக்கியாமே, போய் அவுத்துடு." என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த டர்போவைத் திரும்பப் போட்டுட்டுப் போங்க, அது என் மிஷினு."

வேகத்தைக் குறைத்ததற்கு வசந்தாக்கா கையால் பட்டுச்சேலை பரிசு வாங்கிய ஒரே மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன். கட்டிக்கொண்டு பேர் வாங்குவது என்னவோ என் மனைவிதான்.