ஆயாம்மா கேட்ட ஒலி

துலக்கிய பல்லை ஈரவிரலால் அழுத்தித் தேய்த்தால் ஒரு சிறு கீச்சொலி எழும். கோபாலபுரத்தில் ஒரு சிறிய தொடக்கப்பள்ளிக்கு நான் தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில், நண்பகல் உணவுக்குப்பின் குழாயடியிலிருந்து அவ்வொலி நாள்தோறும் என் அறைவரை வரும். பிள்ளைகள் பல் துலக்கியோடு வரிசையில் நிற்பார்கள். துலக்கி முடித்தவர் பள்ளியின் ஆயாம்மா முன் வாய் திறக்க வேண்டும். அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கையைக் கழுவிக்கொண்டு, சுட்டுவிரலால் முன்பல்லையும் கடைவாய்ப்பல்லையும் தேய்ப்பார். கீச்சென்றால் வகுப்புக்குப் போகலாம். வழுக்கினால் மறுபடியும் குழாயடி.

இவ்வேற்பாட்டை மேலிடம் எதுவும் வகுக்கவில்லை. பிற்பகலில் பல்வலியால் அழும் பிள்ளைகளை மடியில் கிடத்தித் தேற்றிச் சலித்துப்போன ஆயாம்மா, தாமே தொடங்கியது. பாற்பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "வுழற வரிக்கும் அத்த வெச்சுத்தான சார் துன்னணும்" என்றார். 

மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை ஒருநாள் என்னைக் காண வந்தார். ஆயாம்மா கடற்கரைக் குப்பத்தில் வாழ்பவர். விடியலில் தங்கைக்கு மீன்கூடை இறக்கிக் கொடுத்துவிட்டு, குளித்து, பேருந்தேறிப் பள்ளிக்கு வருபவர். அதைச் சுட்டிக்காட்டி, அந்தக் கை தம் மகளின் வாயில் படக்கூடாது என்றார். சொற்களில் பண்பு இருந்தது, பொருளில் இல்லை. நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. ஆயாம்மாவை அழைத்து, இனி எந்தப் பிள்ளையின் வாயிலும் கை வைக்க வேண்டாம் என்றேன். காரணத்துக்கு உடல்நலப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டினேன். அவர் தம் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சோப்பு போட்டுத்தான் சார் கழுவிக்கினு கீறேன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு மாற்றாக நான் கண்டது ஓர் அட்டை. 'பற்றூய்மைக் குறிப்பேடு' என்று தலைப்பிட்டு, பிழையற்ற தமிழில் ஒரு முன்னுரையும் எழுதினேன். காலையும் மாலையும் பிள்ளை பல் துலக்கியதற்குப் பெற்றோர் அதில் கையொப்பமிட வேண்டும். மாதந்தோறும் அட்டைகள் நிரம்பி வந்தன. எனக்குப் பெருமிதமாகவே இருந்தது. அரையாண்டுத் தேர்வின்போது அதே மாணவி கன்னம் வீங்கி, எழுதுகோலைப் பிடிக்க இயலாமல் மேசைமீது கவிழ்ந்து அழுதாள். அவளது அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒரு கட்டமும் விடுபடவில்லை. மாதம் முழுமைக்குமான கையொப்பங்கள் ஒரே மையில், ஒரே மூச்சில் போடப்பட்டிருந்தன. அவளை மடியில் சாய்த்திருந்த ஆயாம்மா எட்டிப் பார்த்தார்.

"கார்டு நல்லா வெளக்கிக் கீது சார். பல்லுதான் வெளக்கல."

அவர் சிரிக்கவில்லை. மாணவிக்கு இரண்டு பற்களைப் பிடுங்க நேர்ந்தது. பள்ளியில் யாரும் கவனிப்பதில்லையா என்று அந்தத் தந்தை என்னிடம் கேட்டார்.

அப்போதும் என் தடையை நான் நீக்கவில்லை. சொன்னதை நானே மாற்றுவது இழுக்கென்று எண்ணினேன். மறுவாரம் குழாயடியில் மீண்டும் கீச்சொலி கேட்டது. சினத்தோடு வெளியே வந்தேன். ஆயாம்மா கைகளிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, காதை மட்டும் நீட்டியபடி நின்றிருந்தார். பிள்ளைகள் தத்தம் விரலால் தத்தம் பல்லைத் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தனர். வரிசையில் இரண்டாவதாக நின்றவள், கன்னம் வீங்கியிருந்த அந்த மாணவி.

"கைய வெக்காதன்னுதான சார் சொன்னீங்கோ. காத வெக்காதன்னு சொல்லலியே" என்றார்.

நான் அறைக்குத் திரும்பினேன். அவர் பணியிலிருந்து நின்ற நாள்வரை குழாயடியில் அந்தக் கைகள் பின்னால்தான் கட்டுண்டிருந்தன. அவற்றை அவிழ்க்க என் ஒரு சொல் போதுமாயிருந்திருக்கும்.

இப்போது வேளச்சேரியில் மகனுடைய அடுக்ககத்தில் வாழ்கிறேன். மகனும் மருமகளும் ஏழு மணிக்கே தரமணிக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆறு வயதுப் பெயர்த்தியைப் பல் துலக்கவைப்பது என் பொறுப்பு. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை. துலக்கியதும் அவளே அதில் ஒரு விண்மீனை ஒட்டிக்கொள்வாள். கட்டங்கள் நிரம்பியே இருக்கின்றன. ஆயினும் சென்ற மாதம் அடையாற்றில் ஒரு மருத்துவர் அவளுடைய கடைவாய்ப்பற்கள் இரண்டில் சொத்தையை அடைத்தார். ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் கூடவே நின்று துலக்கிவிட வேண்டும், அட்டவணையைப் பார்க்காதீர்கள், பல்லைப் பாருங்கள் என்றார். புதிதாகக் கேட்பவன்போல் தலையசைத்தேன்.

இன்று காலை விண்மீனை ஒட்டிவிட்டு வந்து நின்றாள். விரலால் தேய்த்துக் காட்டு என்றேன். தேய்த்தாள்.

"கேக்குதா தாத்தா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மெல்லிய ஒலிகள் என் செவியை விட்டுப் போய் ஆண்டுகளாகின்றன. முழங்கால் வலித்தது. பள்ளி வண்டி வரும் நேரம். அந்த விண்மீனை நம்பியிருக்கலாம். நம்பிப் பழகியவன்தான் நான். சோப்பை எடுத்துக் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு சுட்டுவிரலை நீட்டினேன். எவர் கை என்ற வினா ஏதுமின்றி அவள் வாயைத் திறந்தாள். பல் வழுக்கியது. துலக்கியை வாங்கி, இம்முறை நானே துலக்கிவிட்டு, மீண்டும் விரல் வைத்தேன். ஒலி செவிக்கு எட்டவில்லை. விரல் நுனியில் மட்டும் சிறிதாக அதிர்ந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவருக்கு இவ்வதிர்வை எத்தனை ஆண்டுகள் மறுத்தேன் என்று எண்ணியவாறே குழாயை மூடினேன்.