குச்சிக்குக் கடல் பக்கம்

தெருவில் நடக்கும்போது அவள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். பார்வை தரையிலேயே இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார், "என்ன அண்ணி, ஊசியைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். இவள் தையல்காரி வேறு. 'ஊசி' என்றே பேர் ஒட்டிக்கொண்டது.

கடலாமைகள் மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடும் கூடுகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வக் குழுவுக்கு மருந்துக்கடைக்காரர் ஆள் தேடியபோது உடனே தலையாட்டினாள். யாரோடும் பேச வேண்டாத வேலை. விடிந்ததும் மணலைப் பார்த்து நடக்க வேண்டும், ஆமையின் தடம் தெரிந்தால் கூட்டைக் கண்டுபிடித்து அடையாளக் குச்சி நட வேண்டும்.

குச்சியைக் கூட்டின் மேலேயே நடுவதில்லை. முட்டை திருடுகிறவர்கள் குச்சியடியில்தான் தோண்டுவார்கள். அதனால் கூட்டிலிருந்து சாலைப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நடுவார்கள். "வீட்டுல கூட மூச்சு விடக்கூடாது" என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். அவளும் விடவில்லை.

அவள் கணவன் கடற்கரையைச் சுத்தம் செய்யும் டிராக்டர் ஓட்டுகிறான். வண்டியின் பின்னால் இழுபடும் இரும்புப் பற்கள் மணலை ஆழமாகக் கீறிக் குப்பையை வாரும். இதுவரை சாலையோரம் மட்டும்தான் வேலை. ஒருநாள் சாப்பிடும்போது, "நாளையிலிருந்து தண்ணி ஓரம் வரைக்கும் ஓட்டணுமாம்" என்றான்.

அவள் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். "அங்க குச்சிங்க இருக்கே?"

"ஒண்ணைக்கூடத் தொட மாட்டேன். ஒதுங்கிப் போயிடுவேன்."

"எந்தப் பக்கமா ஒதுங்குவீங்க?"

"இடமிருக்கிற பக்கமா! எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா?"

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. காலையில் மருந்துக்கடைக்காரரைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று படுத்துவிட்டாள்.

விடிந்ததும் போனால், டிராக்டர் ஏற்கெனவே மணலில் இறங்கியிருந்தது. சூப்பர்வைசர் கூடவே நடந்துகொண்டிருந்தார். வண்டி குச்சியை நெருங்கியது. கணவன் அக்கறையாக ஸ்டியரிங்கை ஒடித்துக் கடல் பக்கம் திருப்பினான். நேராகக் கூட்டை நோக்கி.

"ஏங்க!" எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முன்னால் நின்றாள். வண்டி குலுங்கி நின்றது.

"பைத்தியமா உனக்கு? குச்சி அங்கதானே இருக்கு!"

"யாருய்யா இது?" என்றார் சூப்பர்வைசர்.

"என் வீட்டுக்காரி சார்."

"வீட்டுச் சண்டையை வீட்டோட வெச்சுக்கோ. வண்டியை எடு."

நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். சொன்னால் கூடு எங்கே என்று இத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் பற்கள் வந்துவிடும். எஞ்சின் உறுமியது.

"சொல்லித் தொலையேன்!" என்று கத்தினான் கணவன்.

"கூடு அங்க இல்ல. இங்க. என் காலுக்குக் கீழ."

"அப்போ அந்தக் குச்சி?"

"நம்மள மாதிரி ஆளுங்களை ஏமாத்தத்தான்!" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். கணவன் சிரிக்கவில்லை. வண்டியைப் பின்னுக்கு எடுத்தான்.

வீட்டில், "என்னையும் திருடன் கணக்குல சேர்த்துட்டே, இல்ல?" என்று மட்டும் கேட்டான்.

மற்றக் குச்சிகளை மருந்துக்கடைக்காரர் அன்றே மாற்றி நட்டார். இந்த முறை கூடு எந்தப் பக்கம் என்பதை டிராக்டர்காரனிடம் அவரே சொன்னார். இந்தக் கூட்டைத்தான் ஒளிக்க முடியவில்லை. மேலே கம்பி வலை போட்டிருக்கிறார்கள். பகலில் அவளும், வேலை முடிந்ததும் அவனும் காவல் இருக்கிறார்கள். அவன் இன்னும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முட்டையும் இன்னும் பொரியவில்லை.