ஏழாம் பக்கம்

அறுபதுகளின் நடுவில், கோலார் தங்கவயலில் ஒரு சுரங்க ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். வயது இருபது. அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் பாறை துளைக்கும் வேலை. கல் தூசி நுரையீரலில் தங்கி, அதற்கு முந்தின வருஷம்தான் போய்விட்டார். அம்மா முன்பே இல்லை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். மத்தியானம் ரெக்கார்டு ரூமில் போய்ச் சாப்பிடுவேன். சில ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே போய்விடும்.

பல நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு, தன் உறுப்பு நாடுகளிடம் திட்டங்கள் கேட்டிருந்தது. சுரங்கத்துக்குள் தூசியை அளக்கக் கருவிகளும் நிபுணர்களும் வேண்டும் என்று எங்கள் ஆபீஸ் எழுதியது. அது பெங்களூர் போய், டெல்லி போய், அப்புறம்தான் வெளிநாடு போகும். ஆறு பிரதி அனுப்ப வேண்டும். ஒன்றில் குறை இருந்தாலும் திரும்பி வந்துவிடும். பிறகு அடுத்த வருஷம்தான்.

ஏழாம் பக்கத்தில், தூசி நோயில் இறந்தவர்களின் எண்ணிக்கை வருஷவாரியாக இருந்தது. பெயர் கிடையாது. முந்தின வருஷத்து எண்ணில் அப்பாவும் ஒருவர். அதைப் பார்த்த பிறகு கவனம் அடிப்பதில் இல்லை. எப்படியோ தாள்களுக்கு நடுவே கார்பன்களைச் சொருகி அடித்து முடித்தேன். அன்றைக்கே பார்சல் போயிற்று.

மறுநாள் ஆபீஸ் பிரதியைக் கோப்பில் வைக்கும்போது பார்க்கிறேன், ஏழாம் பக்கத்தின் முதுகில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு கிடக்கின்றன. ஒரு கார்பனைத் திருப்பி வைத்திருக்கிறேன்! அப்படியென்றால் இதற்கு அடியில் இருந்த பிரதியில் எதுவும் பதியவில்லை, அது வெற்றுத்தாள். அது பார்சலில் போய்விட்டது. தப்பே செய்யாத டைப்பிஸ்ட் என்ற என் திமிர் அந்த நிமிஷமே இறங்கியது.

யாரிடமும் சொல்லத் தைரியமில்லை. சொல்ல ஆளும் இல்லை. அந்தப் பக்கத்தை மறுபடி அடித்து எடுத்துக்கொண்டு, வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு பெங்களூருக்கு ரயில் ஏறினேன்.

அங்கே அரசாங்க ஆபீசில் எங்கள் பார்சலை அரக்கு சீல் வைத்து, டெல்லிக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தார்கள். "சீல் வெச்சத ஒடைக்க முடியாதும்மா, போங்க" என்றார் கிளார்க். வெட்கமில்லாமல் அங்கேயே அழுதேன்.

பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த நடுவயது அம்மா எழுந்து வந்தார். "அழாத. அரக்கு எங்கிட்டயும் கீது. குடு இங்க." கிளார்க் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீலை உடைத்து, வெற்றுத்தாளை எடுத்துப்போட்டு, புதுப் பக்கத்தை வைக்கப் போனவர் அதைப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"ஏம்மா, இதுல உன் ஊட்டு ஆளு யாருனா கீறாங்களா?"

"அப்பா" என்றேன்.

அவர் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்தார். மறுபடி சீல் வைத்து முடித்ததும், தன் டப்பாவைத் திறந்து, மூடியில் பாதி சித்ரான்னத்தை எனக்கு வைத்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, எதிரே ஒருத்தர் உட்கார்ந்திருக்கச் சாப்பிட்டேன்.

சில மாதங்களில் என் வேலை முடிந்துவிட்டது. திட்டம் என்ன ஆயிற்றென்று ஒரு தற்காலிக டைப்பிஸ்டுக்கு யார் சொல்வார்கள்? அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இன்றும் பேப்பரில் 'இத்தனை பேர்' என்று ஓர் எண்ணைப் படிக்கும்போதெல்லாம், அதில் யாரோ ஒருத்தியின் அப்பா இருக்கிறார் என்று என் விரல் அங்கேயே நின்றுவிடுகிறது.