பதினான்காம் எண் பேட்டரி

அமெரிக்காவின் டுலூத் நகரில் ஏரியைப் பார்த்த மலைச்சரிவில் முதியோர் குடியிருப்பு ஒன்றை நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். மூன்று மாடி, பதினெட்டு ஆட்கள், ஜனவரி மாதம். கருவி எது வேண்டுமானாலும் ஆர்லிஸ் நீமெலாவிடம்தான் போக வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த இரும்புக் கன்டெய்னர்தான் அவருடைய ராஜ்ஜியம். உள்ளே ஒரு ஹீட்டர், எட்டு சார்ஜர்கள், வெள்ளை மையில் ஒன்று முதல் நாற்பது வரை எண் எழுதிய பேட்டரிகள். வயது ஐம்பத்தெட்டு. பக்கத்து ஊர்க் காகித ஆலை மூடும்வரை அங்கே வேலை பார்த்த பெண்மணி.

பேட்டரியைத் திருப்பிக் கொடுப்பது என்பது போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரி. வாங்கியதும் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்ப்பார். மூக்கருகே கொண்டுபோவார். ஓரங்களை விரலால் தடவுவார்.

"கீழ போட்டியா?"

"இல்ல."

"கீழ போடலன்னா இந்தக் கீறல் எங்கேர்ந்து வந்துச்சு? நான் கடிச்சேனா?"

"சாரத்துல உரசியிருக்கும், ஆர்லிஸ்."

"ஆணியோட சேத்துப் பைக்குள்ள போட்டியா?"

"இல்லங்க."

"அப்ப பையைக் காட்டு."

பையைக் காட்டாமல் யாரும் அங்கிருந்து நகர முடியாது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. அந்தக் குளிரிலிருந்து வந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடமாட்டார். இரண்டு மணி நேரம் தனி அலமாரியில் கிடந்து அது அறையின் சூட்டுக்கு வர வேண்டும். சார்ஜர்களை சிமென்ட் பலகை மேல் வைத்திருந்தார். சுற்றி ஒரு துணி, ஒரு அட்டைப்பெட்டி இருக்கக் கூடாது. ரம்பத்தின் பிளேடை மாற்றப் போகிறவன் முதலில் பேட்டரியைக் கழற்றி அவர் கண்ணெதிரே மேசையில் வைக்க வேண்டும். நாங்கள் அவருக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்குத் தெரியும். யார் முதலில் வைத்தது என்றும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அவருடைய வீட்டு கராஜ் எரிந்துபோனது. "எல்லா சார்ஜரையும் கழட்டிட்டுத்தான் வந்தேன்" என்று கணவர் வெர்ன் சொன்னார். மறுநாள் தீயணைப்புக்காரர்கள் பழைய திரைச்சீலைக் குவியலுக்கு அடியிலிருந்து உருகிப்போன சார்ஜர் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அதிலே பேட்டரி செருகியபடியே இருந்தது.

"கராஜ் போனதுக்கு நான் அழல, லைல்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னான் பாரு, அதுக்குத்தான் அழுதேன்." அந்த வருடமே இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

இதை என்னிடம் சொல்லக் காரணம், என்னை அவருக்குப் பிடிக்கும். லைல் ஹெட்ஸ்ட்ரோம் ஒழுங்கான ஆள், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுவான் என்று மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

ஆகவே இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் என் பை இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து வழுக்கி, உறைந்து கல்லாகக் கிடந்த தரையில் விழுந்தது. அதற்குள் 14, 27 இரண்டு பேட்டரிகளும் இருந்தன. 14-இன் உறை விரிசல் விட்டது. 27-இன் ஒரு மூலை நசுங்கிவிட்டது. கன்டெய்னர் வாசலில் நின்று கால் மணி நேரம் குறுக்கு விசாரணைக்கு ஆளாவதை நினைத்தேன். அந்த முகத்தையும் நினைத்தேன். இரண்டையும் வீட்டுக்கு எடுத்துப் போனேன். இணையத்தில் பார்க்க அதே மாதிரி இருந்த மலிவு பேட்டரிகள் இரண்டை வாங்கி, வெள்ளை மையில் 14, 27 என்று எழுதிக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன்.

ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் என்னைக் கன்டெய்னருக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் சமையலறைத் தராசு ஒன்று இருந்தது. அதன் மேல் 13-ஐ வைத்தார், எடுத்தார், 14-ஐ வைத்தார்.

"என்ன தெரியுது?"

"பதினாலு கொஞ்சம் லேசா இருக்கு."

"கொஞ்சமா? கால்வாசி எடை காணோம். உள்ள என்னத்த அடைச்சிருக்கானோ. இப்ப இந்த நாலைப் பாரு. நான் நாலு போட்டா மேல தொறந்திருக்கும். இது மூடியிருக்கு. எவனோ நம்ம பேட்டரிய எடுத்துக்கிட்டு டூப்ளிகேட்ட வெச்சிருக்கான்."

என் காது சூடானது. ஹீட்டர் சூடு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று குல்லாயைக் கழற்றினேன்.

"யாருன்னு நினைக்கிறீங்க?" என்றேன்.

"நீ சொல்லு. புதுசா வந்தது யாரு? யாரோடயும் பேசாதது யாரு? மதியம் தனியா டிரக்குல போய் உக்காந்துக்கிறது யாரு?"

வெண்டல் காங்கஸ். ஆறு வாரத்துக்கு முன் வந்து சேர்ந்த தச்சர். அவருடைய சொந்தக் கருவிகளும் எங்கள் கருவிகளின் கம்பெனிதான், எங்கள் பேட்டரி அவற்றுக்கும் பொருந்தும். நான் அவர் பக்கத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

"அவன்மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ" என்றார் ஆர்லிஸ். "உன்னைத்தான் நம்பிச் சொல்றேன்."

சரி என்று தலையாட்டினேன்.

மூன்று நாள் வெண்டலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திருடன் நான், காவலும் நான். விசித்திரம் என்னவென்றால், பார்க்கப் பார்க்க எனக்கே அவர் மேல் சந்தேகம் வர ஆரம்பித்தது. குளிரில் பேட்டரியைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்வார். ஏன்? அடிக்கடி கடிகாரத்தைப் பார்ப்பார். ஏன்? மதியம் டிரக்கில் ஏறியதும் குனிந்து, சீட்டுக்குக் கீழே எதையோ போர்த்துவார். இதையெல்லாம் ஆர்லிஸிடம் சொன்னேன். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லா பேட்டரிகளையும் எடைபோடத் திருப்பிக் கேட்டார். முப்பத்தொன்பது வந்தன. 27 வரவில்லை. நானும் ரகசியமாகத் தேடினேன், எனக்கும் கிடைக்கவில்லை. ஃபோர்மேன் கிப் டார்விக்கிடம் ஆர்லிஸ் நேராகப் போய்க் கேட்டார்.

"இருபத்தேழு உன்கிட்ட இருக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்? பேட்டரி மேய்க்கறது உங்க வேலை" என்றார் கிப்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆர்லிஸ் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நடந்தார். விஷயம் எப்படியோ பரவி, பேஸ்டி என்ற கறி அடைத்த ரொட்டியைக் கையில் பிடித்தபடியே எல்லோரும் பின்னால் போனோம். கட்டடம் காலியானது. வெண்டலின் டிரக் கண்ணாடியை அவர் தட்டினார்.

"இருபத்தேழு உன் வண்டியில இருக்கான்னு பாக்கணும்."

வெண்டல் எங்கள் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கி, கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். "பாத்துக்கோங்க. போர்வைய மட்டும் மெதுவா எடுங்க."

ஆர்லிஸ் போர்வையை உதறினார். கீழே கிழட்டு நாய் ஒன்று சுருண்டிருந்தது. முகமெல்லாம் நரைத்து, கண்களில் பூ விழுந்து, குளிரில் நடுங்கியது.

"பிக்கிளுக்குப் பதினாறு வயசு" என்றார் வெண்டல். "வீட்டுல தனியா விட்டா கத்திக்கிட்டே இருக்கும். மதியம் மாத்திரை குடுக்கணும். வேலை இடத்துக்கு நாயக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு கிப் சொல்லிடுவாரோன்னு மறைச்சு வெச்சேன். இன்னும் என்ன பாக்கணும்?"

ஆர்லிஸ் அதோடு நிறுத்தவில்லை. கருவிப்பெட்டியையும் சீட்டின் பின்பக்கத்தையும் பார்த்தார். வெண்டலின் பேட்டரிகள் ஒவ்வொன்றிலும் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. 27 அங்கே இல்லை.

அப்போது ஆர்லிஸ் மூக்கை உறிஞ்சினார். நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தார். மூன்றாம் மாடி ஜன்னலில் சாம்பல் நிறப் புகை கசிந்துகொண்டிருந்தது. அடுத்த நொடி பட்டாசு வெடிக்கிற மாதிரி சடசடவென்று சத்தம்.

"என் சார்ஜர்" என்று கத்திவிட்டு கிப் ஓடினார். ஆர்லிஸ் அவருடைய ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

"மேல போகாத. அந்தப் புகைய ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும், படியிலயே விழுந்துடுவ."

நுழைவாயிலருகே இருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். தீயணைப்புக்குப் போன் போட்டபடியே எங்களை வரிசையில் நிற்க வைத்துத் தலை எண்ணினார். பதினெட்டும் இருந்தது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து அணைத்தபோது, அட்டையோடு அடுக்கி வைத்திருந்த சமையலறை அலமாரிகளும் ஒரு ஜன்னலும் மேல்கூரைப் பலகையும் போயிருந்தன. ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"குளிருல ஒவ்வொரு தடவையும் கீழ இறங்கி வர முடியல" என்றார் கிப். முகம் வெளுத்திருந்தது. "மேல ஒரு சார்ஜர் ஒளிச்சு வெச்சிருந்தேன். அட்டைப்பெட்டி மேலதான். அதுல இருபத்தேழு இருந்துச்சு."

எல்லோருடைய பார்வையும் வெண்டலை விட்டுக் கிப்பின் மேல் திரும்பியது. "அப்ப டூப்ளிகேட்ட வெச்சதும் நீதானா?" என்று யாரோ கேட்டார்கள். கிப் இல்லை, இல்லை என்று கையை ஆட்டினார். ஒருவரும் நம்பவில்லை. பொய் சொல்லி ஒருமுறை மாட்டியவரை எப்படி நம்புவார்கள்? 27 எரிந்து கரியாகிவிட்டது. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த யோசனை எனக்கு வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

"ஆர்லிஸ்" என்றேன். "பதினாலு, இருபத்தேழு, ரெண்டு டூப்ளிகேட்டையும் வெச்சது நான். பழசு கீழ விழுந்து உடைஞ்சுபோச்சு."

திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"உடைஞ்சதெல்லாம் எங்க?" என்றார்.

"என் வீட்டு கராஜ்ல."

"எதுக்குப் பக்கத்துல?"

யோசித்தேன். "பெயின்ட் தின்னர் டின்னுக்குப் பக்கத்துல."

"கராஜுக்கு மேல என்ன இருக்கு?"

"பாப்பா ரூம். இப்ப தூங்கிட்டிருப்பா."

"பொண்டாட்டிக்குப் போன் போடு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வரச் சொல்லு. கராஜ் வழியா வேணாம், முன்வாசல் வழியா."

என் மனைவி ட்ரீனா போனில் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். நான் பதில் சொல்லத் தடுமாறியதும் ஆர்லிஸ் போனைப் பிடுங்கி, "காரணம் அப்புறம் கேட்டுக்கலாம்மா, முதல்ல கோட்டைப் போட்டுட்டு வெளிய வா" என்றார்.

மணல் நிரப்பிய இரும்பு வாளி ஒன்றைத் தன் டிரக்கின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு என் வண்டியைத் தொடர்ந்து வந்தார். பக்கத்து வீட்டு வாசலில் ட்ரீனா குழந்தையை அணைத்தபடி நின்றிருந்தாள். ஆர்லிஸ் கராஜின் பெரிய கதவைத் தூக்கிவிட்டு, வாசனை பார்த்து, சற்று நேரம் வெளியிலேயே காத்திருந்தார். பிறகு தடித்த கையுறையோடு உள்ளே போனார். விரிசல் விட்ட 14-இன் வயிறு ஊதியிருந்தது. இரண்டையும் பச்சைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி எடுத்து வந்து மணலுக்குள் வைத்து, வாளியை முற்றத்தின் நடுவில், வீட்டைவிட்டுத் தள்ளி வைத்தார். ஆபத்தான கழிவு வாங்கும் இடத்துக்குப் போன் செய்து எப்படிக் கொண்டுவரலாம் என்று கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"பதினெட்டுப் பேரையும் மனசுல ஓட்டிப் பாத்தேன், லைல். உன் பேரு வரவே இல்ல."

"சொல்லப் பயமா இருந்துச்சு."

"கம்பெனிக்கா?"

"உங்களுக்கு."

அவர் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார், டிரக்கில் ஏறிக்கொண்டார்.

எனக்கு இரண்டு வாரம் சம்பளமில்லாத விடுப்பு. கிப்பை வேறு இடத்துக்கு மாற்றி, ஃபோர்மேன் வேலையையும் எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மதியம் ஆர்லிஸ் வெண்டலின் டிரக்குக்குப் போனதைக் கூட வேலை செய்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். கண்ணாடி இரண்டு விரல் அளவுதான் இறங்கியதாம்.

"தேடினது தப்பு. மன்னிச்சுக்கோ."

"என்கிட்ட எதுக்கு? நாய்கிட்ட சொல்லுங்க. அதோட போர்வையைத்தானே உதறினீங்க."

குனிந்து நாயிடமே சொன்னாராம். அதன்பின் பிக்கிள் மதிய நேரங்களில் கன்டெய்னரின் ஹீட்டர் பக்கத்தில் படுத்துக்கொண்டது. புது ஃபோர்மேன் கண்டுகொள்ளவில்லை.

நான் விடுப்பு முடிந்து திரும்பியபோது, கன்டெய்னருக்கு வெளியே பத்தடி தள்ளி, மூடி போட்ட இரும்புப் பீப்பாய் ஒன்று இருந்தது. அதன் மேல் அவர் கையெழுத்தில்: "கீழே விழுந்ததா? நனைந்ததா? ஊதியிருக்கிறதா? இங்கே வை. பெயர் வேண்டாம்." முதல் வாரத்திலேயே ஏழு பேட்டரிகள் வந்து சேர்ந்திருந்தன.

"ஏழு பேர் என்கிட்ட பொய் சொல்லியிருக்கானுங்க" என்றார் ஆர்லிஸ்.

"ஏழு பேர் உண்மையச் சொல்லிட்டாங்கன்னும் எடுத்துக்கலாமே."

"அப்படியெல்லாம் எனக்கு எடுத்துக்க வராது" என்றார். ஆனால் பீப்பாயை எடுக்கவில்லை. அடுத்து வேலை நடந்த இடத்துக்கும் அதைக் கொண்டுபோனார்.

அவர் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. போன மாதம் ஹார்டுவேர் கடையில் ஒரு குரல் கேட்டு நின்றேன். ஆர்லிஸ் ஒரு சார்ஜர் பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த டேப்ப யாரோ பிரிச்சு மறுபடி ஒட்டியிருக்காங்க" என்றார் கடைக்காரரிடம். "யாரு திருப்பிக் குடுத்தது? ஏன் குடுத்தாங்க?"

கடைக்காரர் தெரியாது என்றார். ஆர்லிஸ் பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, தெரிந்தவர் வரும்வரை காத்திருப்பதாகச் சொன்னார். என்னைப் பார்த்ததும் தலையசைத்தார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

"நிஜமாவா?" என்றார்.